செல்போன் கடையின் கணக்கு

2014 டிசம்பரில் ஒன்பிளஸ் தன் முதல் போனை இந்தியாவுக்குக் கொண்டுவந்தபோது, கையில் காசு இருந்தால் மட்டும் அதை வாங்கிவிட முடியாது. அழைப்பு வேண்டும். அது கிடைத்தவர்கள் மட்டும் அமேசான் தளத்துக்குப் போய் 21,999 ரூபாய் கட்டலாம். கடைத்தெருவில் அந்தப் போன் கிடையாது. கடைக்காரருக்கு அந்த வியாபாரத்தில் இடமே வைக்கப்படவில்லை. 2024 ஏப்ரலில் அதே நிறுவனத்துக்குத் தென்னிந்திய செல்போன் விற்பனையாளர் சங்கம் ஒரு கடிதம் எழுதியது. மார்ஜின் போதவில்லை, வாரண்டி கோரிக்கைகள் இழுத்தடிக்கப்படுகின்றன, ஆகவே மே 1 முதல் உங்கள் போனை விற்கப்போவதில்லை என்பது அதன் சாரம். தமிழ்நாடு, கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா, மகாராஷ்டிரம், குஜராத் மாநிலங்களில் பரவியிருக்கும் சுமார் 4,500 கடைகள் அந்த மிரட்டலுக்குப் பின்னால் இருந்தன. நாடு முழுக்கப் பத்திரிகைகள் அதைச் செய்தியாக்கின.

கடையே வேண்டாம் என்று பிறந்த ஒரு பிராண்டைக் கடைக்காரர்கள் புறக்கணிப்பது எப்படிச் செய்தியாகும்? அந்தப் பத்தாண்டுக்குள் அந்த பிராண்டுக்கும் கடை தேவைப்பட்டுவிட்டது என்பதால்தான்.

இந்தியச் செல்போன் சில்லறை வணிகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அதை இணையத்துக்கும் கடைக்கும் நடக்கும் சண்டையாகவே சொல்கிறார்கள். அந்தச் சண்டை உண்மைதான், ஆனால் அதில் இன்றுவரை யாரும் ஜெயிக்கவில்லை. ஆய்வு நிறுவனங்களின் கணக்கில் ஸ்மார்ட்போன் விற்பனையில் இணையத்தின் பங்கு சில ஆண்டுகளாகப் பாதியை ஒட்டியே நிற்கிறது. ஒரு வருடம் கொஞ்சம் மேலே, மறு வருடம் கொஞ்சம் கீழே. உண்மையில் இடம் மாறியிருப்பது வேறு. போனின் விலையை யார் தீர்மானிப்பது, சரக்கு தேங்கினால் நட்டம் யார் தலையில், வாடிக்கையாளர் யாருக்குக் கடன்பட்டவர் என்ற கேள்விகளுக்கு முன்பு கடைக்காரரிடம் ஓரளவு பதில் இருந்தது. இன்று அந்தப் பதில்கள் நிறுவனத்திடமும் நிதி நிறுவனத்திடமும் இணையதளத்திடமும் போய்விட்டன.

இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31 அன்று கொல்கத்தாவிலிருந்து டெல்லிக்குப் போனது. மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். பேசினாலும் காசு, கேட்டாலும் காசு என்றிருந்த அந்தக் காலத்தில் போன் விற்பது நகைக்கடை வைப்பது போன்ற வியாபாரம். சென்னையில் பில்லோடு வாங்க நினைத்தவர்கள் பெரிய கடைகளுக்குப் போனார்கள். பில் இல்லாமல் மலிவாக வேண்டுமென்றவர்கள் பர்மாவிலிருந்து திரும்பியவர்களுக்காக உருவான பர்மா பஜாருக்குப் போனார்கள். 1997இல் சென்னையில் தொடங்கிய யூனிவர்செல், போனுக்கென்றே சங்கிலிக் கடை நடத்தலாம் என்று காட்டிய முன்னோடிகளில் ஒன்று. 2003 இந்த வியாபாரத்தைத் தெருமுனைக்கு இறக்கிய ஆண்டு. உள்வரும் அழைப்புக்குக் கட்டணம் போனது, ரிலையன்ஸ் 501 ரூபாய் முன்பணத்துக்குப் போன் கொடுத்தது, டார்ச் லைட் வைத்த நோக்கியா 1100 வந்தது. அடுத்த வருடம் கோடம்பாக்கத்தில் பூர்விகாவின் முதல் கடை திறந்தது.

அந்தக் காலக் கடைக்கு இரண்டு வருமானம். போன் எப்போதாவது விற்கும். ரீசார்ஜ் தினமும் விற்கும். சுரண்டும் கார்டும் பத்து ரூபாய் டாப்-அப்பும் வாங்க வந்தவர்தான் ஒரு நாள் போனும் வாங்குவார். ஒவ்வொரு ரீசார்ஜிலும் கிடைத்த கமிஷன் சில்லறைக் காசுதான் என்றாலும், அந்த வழக்கம் வாடிக்கையாளரை வாரா வாரம் கடை வாசலுக்குக் கூட்டிவந்தது. பிறகு ரீசார்ஜ் வாடிக்கையாளரின் கைபேசிக்குள்ளேயே போய்விட்டது. ஜிபேயும் போன்பேயும் கடையிலிருந்து எடுத்துக்கொண்டது கமிஷனை மட்டும் என்று நினைப்பது தவறு. மூன்று வருடத்துக்கு ஒருமுறை வருகிறவரோடு பழக்கம் எப்படி வளரும்?

வெளிநாட்டோடு ஒரு ஒப்பீடு இங்கே உதவும். பிரிட்டனில் போன்ஸ் 4யு என்ற பெரிய சங்கிலி 2014 செப்டம்பரில் விழுந்தது. பெரிய சிம் நிறுவனங்கள் அதனுடன் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டதே காரணம். கார்போன் வேர்ஹவுஸ் தன் 531 தனிக்கடைகளையும் 2020இல் மூடியது. அங்கெல்லாம் போன் மாதாந்திர சிம் ஒப்பந்தத்தோடு சேர்ந்து விற்கும் பொருள். சிம் நிறுவனம் கைவிட்டால் கடை இல்லை. இந்தியாவில் போன் தனி, சிம் தனி. அதனால்தான் ஏர்டெல்லோ ஜியோவோ யார் வளர்ந்தாலும் தேய்ந்தாலும் போன் கடை பிழைத்தது. அதே காரணத்தால், போனின் முழு விலையையும் வாங்குகிறவரே சுமக்க வேண்டியும் வந்தது. பின்னால் தவணைக் கடன் நுழைந்தது அந்த இடைவெளியில்தான்.

2014 பிப்ரவரியில் மோட்டோரோலா தன் மோட்டோ ஜி போனை ஃப்ளிப்கார்ட்டில் மட்டும் விற்றது. ஜூலையில் சியோமி வந்தது. எம்ஐ 3 விலை 13,999 ரூபாய். அதே தரத்தில் கடையில் இருந்த போன்கள் இதைவிட மிக அதிகம். குறிப்பிட்ட நாள், குறிப்பிட்ட நேரம், தளத்தில் காத்திருந்து ‘ஃப்ளாஷ் சேல்’ தொடங்கியதும் சொடுக்க வேண்டும். அடுத்தடுத்த விற்பனைகளில் சரக்கு நொடிக்கணக்கில் தீர்ந்தது. விளம்பரம் இல்லை, டிஸ்ட்ரிபியூட்டர் இல்லை, கடை வாடகை இல்லை என்பதால் விலை குறைகிறது என்று நிறுவனம் சொன்னது. ஓரளவு உண்மை. தேங்கிய சரக்கு என்ற பிரச்சினையே அந்த முறையில் இல்லை என்பதுதான் அதைவிடப் பெரிய உண்மை. அக்டோபர் 6 அன்று ஃப்ளிப்கார்ட்டின் முதல் ‘பிக் பில்லியன் டே’ நடந்தது. போன் வாங்கத் தீபாவளியை விடத் தள்ளுபடி நாளைப் பார்த்துக் காத்திருக்கும் பழக்கம் அங்கிருந்து தொடங்குகிறது.

நாடு முழுக்கப் பல நூறு கடைகள் திறந்த எஸ்ஸார் குழுமத்தின் மொபைல்ஸ்டோர் நட்டத்தில் தேய்ந்து மறைந்தது. யூனிவர்செல்லும் 2010களின் நடுவில் தளர்ந்தது. இரண்டுக்கும் இணையத்தை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. வேகமாகக் கடை திறந்து, வாடகையையும் ஊழியர் செலவையும் விற்பனை எட்டிப் பிடிப்பதற்குள் மூச்சுத் திணறிய கதை அவற்றில் பாதி.

இணையம் அடித்த அடிக்குக் கடைத்தெருவிலிருந்து வந்த பதிலடியைக் கொடுத்தவை இந்திய நிறுவனங்கள் அல்ல. மைக்ரோமேக்ஸ், கார்பன், லாவா, இன்டெக்ஸ் எல்லாம் அப்போது கடைகளில் கொடிகட்டிப் பறந்தன. 2014 கடைசிக் காலாண்டில் மைக்ரோமேக்ஸ் சாம்சங்கை முந்திவிட்டதாகக்கூட கேனலிஸ் என்ற ஆய்வு நிறுவனம் கணித்தது. 2016 செப்டம்பரில் ஜியோ 4ஜி-யைக் கொண்டுவந்ததும் 3ஜி சரக்கோடு நின்ற அந்த நிறுவனங்கள் தடுமாறின. நவம்பர் 8 பணமதிப்பிழப்பில் ரொக்கத்தில் ஓடிய மலிவு போன் வியாபாரம் படுத்தது. அந்தக் காலி இடத்தில் வந்து உட்கார்ந்தவை விவோவும் ஓப்போவும்.

அவற்றின் வழி பழைய வழி. சிறு ஊர்க் கடைக்காரரைத் தேடிப் போனார்கள், மற்றவர்களைவிட அதிக மார்ஜின் கொடுத்தார்கள், கடையின் பெயர்ப் பலகையைத் தங்கள் செலவில் மாற்றினார்கள். 2016, 2017 வாக்கில் தமிழ்நாட்டின் எந்தப் பேருந்து நிலையத்தில் இறங்கினாலும் எதிர்வரிசை முழுக்க நீலமும் பச்சையுமாக இருக்கும். கடையின் பெயர் என்ன என்பது பலகையின் ஓரத்தில் சின்ன எழுத்தில் தேட வேண்டிய தகவல். கிரிக்கெட்டில் கொட்டிய பணம் தனி: ஐபிஎல் பெயர் உரிமைக்கு விவோ ஐந்தாண்டுக்கு 2,199 கோடி ரூபாய், இந்திய அணியின் சட்டையில் பெயர் போட ஓப்போ 1,079 கோடி ரூபாய் என்று ஒப்பந்தம் போட்டன. ஆனால் அவர்களின் பெரிய ஆயுதம் டி-ஷர்ட் போட்ட ப்ரமோட்டர் பையன்தான். கடைக்குள் நிற்பான், சம்பளம் நிறுவனம் கொடுக்கும், தன் பிராண்டை விற்றால் அவனுக்குத் தனி ஊக்கத்தொகை. வேறு போன் கேட்டு வந்தவரை இந்தப் போனை வாங்கவைத்து அனுப்புவதுதான் அவன் வேலை.

இணையத்திலேயே பிறந்து வளர்ந்த சியோமி இதைப் பார்த்துப் புரிந்துகொண்டது. 2017 மே மாதம் பெங்களூரில் தன் முதல் எம்ஐ ஹோம் கடையைத் திறந்தது. பிறகு சிற்றூர்களுக்கும் போனது. ஆனால் கடைக்குள் வந்தால் கடைக்காரருக்குக் கொடுக்க வேண்டும். வன்பொருளில் 5 சதவீதத்துக்கு மேல் நிகர லாபம் வைக்கமாட்டோம் என்று 2018இல் பெருமையாக அறிவித்த நிறுவனம் அது. அந்தச் சிக்கனத்தில் கடைக்காரரின் பங்கும் இறுகியது. பல ஆண்டுகள் முதலிடத்தில் இருந்த சியோமி 2022 கடைசியில் சாம்சங்கிடம் இடத்தை இழந்தது. கடைகளில் கவனம் செலுத்தப்போவதாக 2023இல் அதன் இந்தியத் தலைமையே சொன்னது. 2024இல் ஐடிசி என்ற ஆய்வு நிறுவனத்தின் கணக்கில் முதலிடத்தில் இருந்தது, கடைக்காரரை விடாமல் பிடித்துக்கொண்ட விவோ.

இனி ஒரு கடையின் உள்ளே போய்ப் பார்க்கலாம். 15,000 ரூபாய் போன் ஒன்றில் பில் மார்ஜின் 5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் கையில் நிற்பது 750 ரூபாய். கிரெடிட் கார்டு தேய்த்தால் அந்தக் கட்டணம், கடை வாடகை, மின்சாரம், இரண்டு பையன்களின் சம்பளம் எல்லாம் அதிலிருந்து. எதிரே நிற்பவர் ‘ரவுண்டா போடுங்க’ என்றால் அதுவும் அதிலிருந்து. ஆகவே பில் மார்ஜினில் கடை ஓடாது. ஓடுவது ‘ஸ்கீம்’ காசில். இந்த மாதம் இந்த மாடலில் இத்தனை விற்றால் இவ்வளவு, மொத்த டார்கெட்டைத் தாண்டினால் இன்னும் இவ்வளவு என்று நிறுவனம் மாதத் தொடக்கத்தில் சொல்லும். மாதம் முடிந்து, கணக்குச் சரிபார்த்து, அடுத்த சரக்கில் கழித்துக்கொள்ளும் கிரெடிட் நோட்டாக வரும். விற்ற அன்று அந்தப் போனில் லாபமா நட்டமா என்பது கடைக்காரருக்கே தெரியாத வியாபாரம் இது.

நிறுவனத்துக்கு ஒவ்வொரு போனும் தெரியும். பெட்டியைப் பிரித்து சிம் போட்டு இணையத்தில் சேர்ந்ததும், அந்தப் போனின் தனி அடையாளமான ஐஎம்இஐ எண் எங்கே, எப்போது உயிர்பெற்றது என்று பதிவாகிறது. விற்பனைக்கு அதுதான் சாட்சி. ‘ஆக்டிவேஷன்’ ஆகாத போனுக்கு ஊக்கத்தொகை கிடையாது. மாதக் கடைசியில் டார்கெட்டுக்குப் பத்து போன் குறைகிறது என்றால், சில கடைகளில் வாடிக்கையாளர் வராமலேயே பத்து போன் ஆக்டிவேட் ஆகிவிடும். பிறகு அந்தப் போன்கள் கொஞ்சம் விலை குறைந்து வேறு கைக்குப் போகும். ‘சீல் உடைச்சிருக்கே?’ என்று கேட்பவருக்குச் சொல்ல ஒரு கதையும் தயாராக இருக்கும்.

இன்னொரு பயம் விலைக்குறைப்பு. மாடல் வந்து மூன்று மாதத்தில் நிறுவனம் இரண்டாயிரம் ரூபாய் குறைத்தால், அலமாரியில் இருக்கும் பழைய சரக்கின் நட்டத்தை ஈடுகட்டுவதாக ஒப்பந்தம் உண்டு. அந்த ஈடும் கிரெடிட் நோட்டுதான், அதுவும் பிறகுதான். தள்ளுபடி விற்பனை நாளில் இணையதளத்தில் வங்கிச் சலுகையோடு வரும் விலைக்கு எந்த ஈடும் இல்லை.

தாலுகா ஊர் ஒன்றின் கடையில் மாலை ஆறு மணிக்கு மேல் நடக்கும் பேரத்தைக் கேட்டால் இவ்வளவும் ஐந்து நிமிடத்தில் புரியும். கல்லூரிப் பையன் ஒருவன், கூட அம்மா. பையன் மூன்று யூடியூப் விமர்சனங்களைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான். ராம் எவ்வளவு, கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கடைக்காரருக்கே சொல்கிறான். ‘அண்ணே, ஆன்லைன்ல 13,499 போட்டிருக்கான்’ என்று திரையைக் காட்டுகிறான். ‘அது கார்டு ஆஃபரு தம்பி. அந்த பேங்க் கார்டு இருக்கா உங்ககிட்ட?’ இல்லை. ‘பழைய போன் எக்ஸ்சேஞ்சும் சேத்துப் போட்டிருப்பான், பாருங்க.’ பையன் கீழே தள்ளிப் பார்க்கிறான், சேர்த்துத்தான் போட்டிருக்கிறது. அம்மா அதுவரை பேசவில்லை. ‘மாசம் எவ்ளோ கட்டணும் தம்பி?’ என்று இப்போது கேட்கிறார். கடைக்காரர் போனைக் கீழே வைத்துவிட்டு, ஓரத்து மேசையில் டேப்லெட்டோடு உட்கார்ந்திருக்கும் ஃபைனான்ஸ் ஆளைக் கூப்பிடுகிறார். ஆதார், பான், ஒரு செல்ஃபி, ஓடிபி. பையனுக்கு சிபில் கடன் மதிப்பெண் இல்லை. ‘அம்மா பேர்லயே போட்டுடலாம்கா.’ கால் மணி நேரத்தில் கடன் ஒப்புதல் வந்துவிடுகிறது.

இணையம் தராததைக் கடை தரும் இடம் இதுதான். கிரெடிட் கார்டு இல்லாதவர்களின் நாட்டில் பஜாஜ் ஃபைனான்ஸ், டிவிஎஸ் கிரெடிட், எச்டிபி, ஹோம் கிரெடிட் போன்ற நிறுவனங்களின் ஆட்கள் கடைக்குள் உட்கார்ந்து கடன் கொடுக்கிறார்கள். மின்னணுப் பொருட்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சிறு கடனில் வாங்கப்படுகிறது என்று ஹோம் கிரெடிட்டின் 2024 ஆய்வு சொன்னது. போன் விலை ஏறிக்கொண்டே போவதற்கு இதுவே அடித்தளம். 2021இல் இந்தியச் சந்தைக்குப் போன ஸ்மார்ட்போன்கள், ஐடிசி கணக்கில், சுமார் 16.1 கோடி, 2022இல் 14.4 கோடி, 2023இல் 14.6, 2024இல் 15.1. எண்ணிக்கை ஒரே இடத்தில் நின்றுவிட்டது. சராசரி விலை மட்டும் 259 டாலருக்கு, அதாவது ஏறத்தாழ 22,000 ரூபாய்க்குப் போய்விட்டது. சம்பளம் அதே வேகத்தில் ஏறவில்லை. ஆப்பிள் 2024இல் இந்தியாவில் சுமார் 1.2 கோடி போன் விற்றதன் பின்னால் 24 மாதத் தவணைகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

‘வட்டி இல்லாத் தவணை’ என்பதை ரிசர்வ் வங்கி ஒருபோதும் நம்பவில்லை. பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது, வட்டியைக் கட்டணம் என்ற பெயரில் ஒளித்துவைக்கிறார்கள் என்று 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. நடைமுறையில் அந்த வட்டியை நிறுவனமோ கடையோ தள்ளுபடி வடிவில் ஏற்கிறது; ரொக்கம் கொடுப்பவருக்கு அந்தத் தள்ளுபடி கிடைப்பதில்லை. பிராசசிங் ஃபீ தனி. கையில் பணத்தோடு வருகிறவரைவிடத் தவணைக்காரரைக் கடை அதிகம் விரும்புவது பலருக்கு வியப்பாக இருக்கும். தவணைக்காரர் பேரம் பேசுவதில்லை, மாதத்துக்கு 200 ரூபாய்தான் கூடுகிறது என்று அடுத்த மாடலுக்குப் போகிறார், காப்பீடும் எடுத்துக்கொள்கிறார்.

தவணை கட்டத் தவறினால் என்ன ஆகும் என்பதுதான் இந்தத் துறையின் மிகச் சங்கடமான பக்கம். கடன் கொடுக்கும்போதே போனில் ஒரு செயலி ஏறிவிடுவது வழக்கமாக இருந்தது. தவணை நின்றால் தூரத்திலிருந்தே போனைப் பூட்டிவிட முடிந்தது. 2024இல் இது கூடாது என்று ரிசர்வ் வங்கி கடன் நிறுவனங்களிடம் சொன்னது. 2025 செப்டம்பரில், முன் ஒப்புதல் பெற்று, தனிப்பட்ட தகவல்களைத் தொடாமல் பூட்டலாம் என அனுமதிக்க அதே வங்கி யோசிப்பதாக ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. கடன் கொடுப்பவர்களின் வாதம், இது இருந்தால்தான் சிபில் இல்லாதவருக்கும் கடன் கொடுக்க முடியும் என்பது. ஆனால் உணவு டெலிவரிக்கு வண்டி ஓட்டுகிறவரின் போனைப் பூட்டினால் அவர் அந்தத் தவணையை எதை வைத்துச் சம்பாதித்துக் கட்டுவார்? பூட்டிய போனைத் தூக்கிக்கொண்டு அவர் முதலில் வருவது நிதி நிறுவனத்தின் அலுவலகத்துக்கு அல்ல, வாங்கிய கடைக்கு. கெட்ட பெயர் கடைக்காரருக்கு.

போனில் மிஞ்சாததைக் கடை சுற்றுப்பொருளில் எடுக்கிறது. டெம்பர்ட் கிளாஸ், பின்கவர், இயர்போன், பவர் பேங்க். மொத்த விலையில் சில பத்து ரூபாய்க்கு வரும் கண்ணாடி, ஒட்டிக்கொடுக்கும் கூலியோடு நூறைத் தாண்டி விற்கும்; அதில் இருக்கும் சதவீதத்தைப் போனில் கனவுகூடக் காண முடியாது. சென்னை ரிச்சி தெருவின் சந்துகளில் மூட்டை மூட்டையாக இறங்கும் இந்தச் சரக்குதான் மாவட்டக் கடைகளின் உண்மையான வருமானம். 2020 அக்டோபரில் ஆப்பிள் பெட்டியிலிருந்து சார்ஜரை எடுத்தது, சில மாதத்தில் சாம்சங் தன் உயர் ரகப் போன்களில் எடுத்தது. சுற்றுச்சூழலுக்காக என்றார்கள். சார்ஜர் விற்கும் கடைக்காரர் யாரும் மறுப்புச் சொல்லவில்லை.

பழைய போன் வியாபாரம் இதைவிடச் சுவையானது. முதல்முறை ஸ்மார்ட்போன் வாங்குகிறவர்கள் குறைந்து, பழையதைக் கொடுத்துப் புதியது எடுப்பவர்களே அதிகம் வரும் சந்தையில், எக்ஸ்சேஞ்ச் விலைதான் பேரத்தைத் தீர்மானிக்கிறது. 2013இல் தொடங்கிய கேஷிஃபை போன்ற நிறுவனங்கள் பழைய போனை மதிப்பிட்டு, சீராக்கி, உத்தரவாதத்தோடு விற்கின்றன. இணையத்தில் பிறந்த அதுவும் கடைகளைத் திறந்தது. சிறு கடைக்காரருக்கு இங்கே ஒரு ஆபத்து உண்டு: திருட்டுப் போன். 2023 மே மாதம் நாடு முழுக்கத் திறக்கப்பட்ட சஞ்சார் சாத்தி தளத்தில், தொலைந்த போனின் ஐஎம்இஐ எண்ணை முடக்கலாம். வாங்கும் முன் அந்த எண்ணைச் சரிபார்க்கவும் செய்யலாம். சரிபார்க்காமல் வாங்கிய கடைக்காரர் காவல் நிலையப் படி ஏற வேண்டியிருக்கும். சாம்சங், கூகுள் இரண்டும் தங்கள் மேல்தட்டுப் போன்களுக்கு ஏழு ஆண்டு மென்பொருள் புதுப்பிப்புத் தருவதாக அறிவித்த பிறகு, இரண்டாம் கை, மூன்றாம் கைப் போனுக்கும் ஆயுள் கூடியிருக்கிறது.

சட்டத்தின் பக்கம் வந்தால், கடைக்காரர்களுக்குக் காகிதத்தில் கிடைத்த வெற்றிகள் நிறைய. அந்நிய முதலீடு உள்ள இணையதளம் சந்தை நடத்தலாம், சரக்கைத் தானே வைத்து விற்கக்கூடாது என்பது விதி. தளத்துக்குப் பங்கு உள்ள நிறுவனங்களே அங்கே பெரிய விற்பனையாளர்களாக இருந்ததால் 2019 பிப்ரவரி 1 முதல் அதையும் தடுக்க விதி இறுக்கப்பட்டது. 2020 ஏப்ரலில் நடந்தது ஒரு சிறு நாடகம். ஊரடங்கு நடுவே, 20ஆம் தேதி முதல் இணையதளங்கள் போன் உள்ளிட்ட எல்லாப் பொருளையும் விற்கலாம் என்று 15ஆம் தேதி மத்திய அரசின் வழிகாட்டுதல் வந்தது. கடைகள் பூட்டிக் கிடக்க அவர்கள் மட்டும் விற்பதா என்று வணிகர் சங்கங்கள் கொதித்தன. 19ஆம் தேதி அந்த அனுமதி ரத்தானது. அதே மாதம் போனுக்கான ஜிஎஸ்டி 12லிருந்து 18 சதவீதமானது. அந்த உயர்வு மட்டும் ரத்தாகவில்லை.

டெல்லி வணிகர் அமைப்பு ஒன்றின் புகாரில் 2020 ஜனவரியில் இந்தியப் போட்டி ஆணையம் அமேசான், ஃப்ளிப்கார்ட் மீது விசாரணைக்கு உத்தரவிட்டது. நீதிமன்றத் தடைகளைத் தாண்டி வந்த விசாரணை அறிக்கையை 2024 செப்டம்பரில் ராய்ட்டர்ஸ் வெளிப்படுத்தியது: சாம்சங், சியோமி உள்ளிட்ட போன் நிறுவனங்களும் இந்தத் தளங்களோடு சேர்ந்து, குறிப்பிட்ட மாடல்களை அங்கே மட்டும் வெளியிட்டுப் போட்டிச் சட்டத்தை மீறியதாக விசாரணை அதிகாரிகள் முடிவுக்கு வந்திருந்தார்கள். முதல் புகாருக்கும் இந்த அறிக்கைக்கும் இடையில் எத்தனை தெருக்களில் எத்தனை ஷட்டர்கள் இறங்கின என்று எந்த ஆணையமும் எண்ணவில்லை.

பெரிய சங்கிலிகள் தப்பிக்கும் வழியைக் கண்டுபிடித்துவிட்டன. 1974இல் பெங்களூரில் இசைத்தட்டுக் கடையாகத் தொடங்கிய சங்கீதா, வாங்கிய பிறகு விலை குறைந்தால் வித்தியாசம், உடைந்தால் ஈடு என்று வாக்குறுதிகளை விற்றது. பூர்விகா டிவி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் பக்கம் போயிற்று. எதிர்த்திசையில் டிவி, ஃபிரிட்ஜ் விற்ற சங்கிலிகள் போனுக்கு வந்தன. இரண்டு வகைக் கடைக்கும் இன்று வெளியிலிருந்து பார்த்தால் அதிக வித்தியாசமில்லை. ஆப்பிள் 2023 ஏப்ரலில் மும்பையிலும் டெல்லியிலும் சொந்தக் கடை திறந்தது; 2025இல் பெங்களூர், புனே என்று விரிந்தது. அதன் போன்களில் ஒரு பகுதி ஸ்ரீபெரும்புதூரில் தயாராகிறது. அதே மண்ணில் 2006 முதல் 2014 வரை நோக்கியா ஆலை ஓடியது. பக்கத்து ஊரில் செய்த போன் என்பதற்காகக் காஞ்சிபுரம் கடைக்காரருக்கு ஒரு ரூபாய்கூடக் குறைவதில்லை. விலை நாடு முழுக்க ஒன்றே, மார்ஜினும் அப்படியே.

இப்போது புதிய போட்டி மளிகைக்காரரிடமிருந்து வருகிறது. 2024 செப்டம்பர் 20, ஐபோன் 16 விற்பனைக்கு வந்த அன்று, மும்பையிலும் டெல்லியிலும் ஆப்பிள் கடை வாசலில் விடியற்காலையில் வரிசை நின்றது. பெருநகரங்களில் பிளிங்கிட்டும் பிக்பாஸ்கெட்டும் அதே போனைத் தக்காளி கொண்டுவரும் பையன் கையில் பத்துச் சொச்ச நிமிடத்தில் கொடுத்தனுப்பின. பெருநகரத்துக் கடையிடம் ‘இப்பவே கையில கிடைக்கும்’ என்று மிச்சமிருந்த கடைசி வசதியும் போயிற்று. தாலுகா ஊருக்கு அது இன்னும் வரவில்லை. அங்கே டேப்லெட்டோடு உட்கார்ந்திருக்கும் ஃபைனான்ஸ் ஆளும், கண்ணாடி ஒட்டத் தெரிந்த பையனும், ‘ஸ்க்ரீன் போச்சுண்ணே’ என்று வந்து நிற்க ஒரு இடமும் தேவைப்படும் வரை கடைக்கு வேலை இருக்கிறது.

2025 இறுதியில் கணக்கு இன்னொரு பக்கம் திரும்பியது. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டு போனதால் அவற்றின் விலை எகிறியது. நிறுவனங்கள் போன் விலையை ஏற்றத் தொடங்கின. மெமரியின் செலவு மலிவு போனில்தான் அதிகம் உறைக்கும் என்பதால் அடியும் பத்தாயிரம் ரூபாய்க்காரர்களுக்கே முதலில் விழுகிறது. அவர்கள் இன்னும் ஒரு வருடம் பழைய போனையே சரிசெய்து ஓட்டினால் கடையில் சர்வீஸ் மேசை நிறையும், ஷோகேஸ் முன்னால் கூட்டம் குறையும். அலமாரியில் இருக்கும் போன் நாளுக்கு நாள் மதிப்பிழக்கும் என்ற பயத்திலேயே தொழில் கற்றவர்கள், விலை ஏறும் முன் சரக்கு எடுத்து வைத்தால் லாபம் என்ற நிலையையும் பார்க்கிறார்கள். எடுத்து வைக்க முதல் வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டரிடம் வாரக் கடனில் நாலைந்து பெட்டி வாங்குகிற கடையிடம் அது இல்லை. நூற்றுக்கணக்கான கிளை வைத்திருக்கும் சங்கிலிகளிடம் இருக்கிறது.